ராணி குளிக்காத கிணறு

என் பெயரைத் தப்பில்லாமல் அச்சிட்டவர்கள் மிகக் குறைவு. என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் போட்ட பத்திரிகைகள் பெரும்பாலும் இனிஷியலை மாற்றின. ஒன்று மட்டும் பெயரையே மாற்றிப் போட்டு, எனக்கு வரவேண்டிய வாசகர் கடிதத்தை வேறொருவருக்கு வாங்கிக் கொடுத்தது. இனிஷியலோடு, எழுத்துப்பிழை இல்லாமல், கருங்கல்லில் பொன் எழுத்தாக என் பெயர் வந்தது சென்ற தை மாதத்தில்தான். ஓர் அரண்மனைக் கிணற்றின் தலைமாட்டில். அதற்கு மேலே இருந்த ஐந்து வரியும் பொய் என்பது மட்டும்தான் குறை.

அரண்மனை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாயக்கர் காலத்து மகால் ஒன்று உண்டு. அதில் வெகுகாலம் கோர்ட் நடந்ததால், அந்தத் தூண்களை நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வாய்தாவுக்கு வந்தவர்கள். நான் சொல்வது அதுவல்ல. அங்கிருந்து ராஜபாளையம் வரும் வழியில், மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் ஒரு கிராமம். அதில் ஒரு சின்ன ஜமீன் வீடு. ஊர் வாயில் அரண்மனை. சின்னது என்றாலும் முன்வாசலில் யானை நுழையும். யானை வைத்திருந்தார்களா என்று கேட்கக்கூடாது. நுழையும், அவ்வளவுதான்.

அந்த வீட்டின் இன்றைய வாரிசு என் பள்ளித் தோழன். என் அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. அதனால் நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்த பக்கம் அவனுக்கு. பிற்பாடு நான் ராஜபாளையத்தில் ஒரு நூலகத்தில் நூலகரானேன். அவன் தென்னந்தோப்பைப் பார்த்தான், பிளாட் போட்டு விற்றான், கடைசியில் விற்பதற்கு வீடு மட்டும் மிஞ்சியபோது என் நூலகத்துக்கு வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"கோயிலுக்கு வாரான், பால்கோவா வாங்குதான், வேனைக் கெளப்பிக்கிட்டு நேரா குத்தாலம் போறான். நடுவுல நம்ம வீடு இம்புட்டுப் பெருசா நிக்குது. ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கான்லே" என்றான்.

"பாக்க என்ன இருக்கு?"

"அதத்தான் நீ எழுதணும். ஒவ்வொரு ரூம்லயும் ஒரு பலகை. வரலாறு. எம்புட்டு வேணும்னாலும் எழுது."

இருபத்தைந்து வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனிடம், போட்டித் தேர்வு கைடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. 'எம்புட்டு வேணும்னாலும் எழுது' என்ற சொல்லுக்கு நான் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன். சொத்து இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன்.

ஒரு வருஷத்து ஞாயிறுகள். காலை பஸ்ஸில் போய் இறங்கி, வௌவால்களை விரட்டி, அறை அறையாகக் குறிப்பெடுத்தேன். அந்த வீட்டில் சிம்மாசனம் கிடையாது. அவன் தாத்தா பிரம்பு ஈஸிசேரில்தான் ஆட்சி செய்தார், அதுவும் பெரும்பாலும் தூங்கியபடி. அப்படியே எழுதினேன். அடுத்த வாரம் போனால் கூடத்தில் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் நிற்கிறது. கல்யாண ஸ்டேஜ் அலங்காரம் செய்பவரிடம் பேசி எடுத்து வந்திருந்தான். கூடவே தலைப்பாகையும் அட்டைக்கத்தியும். "போட்டோ எடுப்பாங்கலே. ஈஸிசேர்ல படுத்து எவன் போட்டோ எடுப்பான்?" என்றான். சிரித்தேன். நியாயமாகக்கூடப் பட்டது.

சுரங்கத்துக்கும் சிரித்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது குற்றாலம் போகிற ஒரு மதுரைக் குடும்பத்திடம், இங்கிருந்து ஆண்டாள் கோயிலுக்குச் சுரங்கம் இருக்கிறது, ஆடிப்பூரத்துக்கு ராணிகள் அதன் வழியாகத்தான் போவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அளந்துவிட்டோம். நாங்கள் காட்டிய துவாரம் மாட்டுத் தொழுவத்துக் கழிவு போகும் வழி. அதற்கு இப்போது கம்பிக் கதவு போட்டு, உள்ளே மஞ்சள் பல்பு எரியவிட்டு, 'ரகசியச் சுரங்கப்பாதை' என்று பலகை வைத்திருந்தான். கோமியம் போன வழி எது, ராணி போன வழி எது என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் அதன் முன்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருத்தி உண்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அரண்மனைக்குப் பின்தெருவில் வீடு. நான் தூண்களை அளந்து எழுதுவதை ஒருநாள் விளக்குமாறோடு நின்று பார்த்தாள்.

"தூணுக்கெல்லாம் எழுதுதீகளே தம்பி, கெணத்துக்கு என்ன எழுதப் போறீக?"

"கெணத்துல என்னக்கா இருக்கு?"

"தொட்டுப் பாருங்க."

பின்கட்டில் திறந்த வெளியில் இருக்கிறது அந்தக் கிணறு. அரண்மனைப் பக்கம் ராட்டினம் மாட்டும் கட்டைகள். எதிர்ப்புறம், பின்கதவைப் பார்த்த பக்கம், ராட்டினம் கிடையாது. வெறும் கல் விளிம்பு. அந்த விளிம்பில் வரிசையாகக் கயிறு அறுத்த பள்ளங்கள். என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே படுத்துக்கொண்டது. சின்ன வயதில் அந்தக் கிணற்றடியில் எத்தனையோ நாள் விளையாடியிருக்கிறேன். பள்ளங்களில் கோலிக்குண்டு உருட்டியிருக்கிறேன். அது எப்படி வந்தது என்று கேட்டதில்லை.

அக்கா சொன்னாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. ஊர்க் கிணறு வற்றிப்போன வருஷம். அரண்மனைக் கிணறு மட்டும் வற்றவில்லை. அதை வெட்டியது கூலியில்லாமல் அழைக்கப்பட்ட ஊர்க்காரர்கள்தான், அக்காவின் பாட்டனார் உட்பட. அதனால் பின்கதவு வழியாக வந்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வைத்த தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று, ஒருநாள் காலையில் பின்கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொன்னவர் என் நண்பனின் அப்பா.

பின்தெருப் பெண்கள் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. அந்த வாரம் அரண்மனைப் பெண்ணுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மணவீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதிரே நிறைகுடம் வரவேண்டும். வெறுங்குடம் ஒன்று எதிர்ப்பட்டாலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். இந்தப் பெண்கள் தங்கள் வீட்டு வெறுங்குடங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, முன்வாசலிலிருந்து தெருமுனை வரை இரண்டு ஓரமும் வைத்து, பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒருத்தரும் வாயத் தொறக்கல. 'என்னட்டி வேணும் ஒங்களுக்கு?'ன்னு கேட்டதுக்கு எங்கம்மா, 'ஒண்ணும் வேண்டாஞ்சாமி, மாப்ள பாக்க வந்தோம்'னுச்சாம்" என்று அக்கா சிரித்தாள். "மூணு நாளு. என்னை மடியில போட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்துச்சாம். பரிசத்துக்கு முந்தின நாளு கதவு தொறந்துருச்சு. அப்பொறம் குழாத் தண்ணி வார வரைக்கும் அது பூட்டல. ராட்டினம் மட்டும் தரல. கல்லு மேலயே போட்டு இழுத்தாக. அந்தத் தடந்தான் தம்பி இது."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வருஷம் முழுக்க நான் எடுத்த குறிப்புகளில் அந்த வீட்டில் உண்மையாகவே நடந்த ஒரே சம்பவம் இதுதான் என்று தோன்றியது.

"இத எழுதட்டுமாக்கா?"

அவள் யோசித்தாள். "எழுதுனா இந்த எடத்துல எழுதணும். கெணத்துகிட்ட. வேற எங்கயும் வேண்டாம். எங்கம்மா பேரெல்லாம் போட வேண்டாம், எல்லாரும்தான் ஒக்காந்தாக. எம்பொண்ணு வந்து படிக்கணும், மகாராஜபுரத்துல எந்தங்கச்சி இருக்கா, அவ வந்து படிக்கணும்."

எழுதினேன். ஒன்பது தடவை திருத்தி எழுதினேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நண்பனிடமும் கொடுத்தேன். அவன் நின்றபடியே படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான். அவன் அப்பாவைப் பற்றியது. அவனுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான்.

"அருமைலே. இதுதாம்லே வரலாறு. மத்ததெல்லாம் சும்மா."

"கல்ல மாத்திறாத. அந்தத் தடம் அப்படியே இருக்கணும்."

"ஒரு கல்லத் தொட மாட்டேன். எம்மேல சத்தியம். போதுமா?"

போதும் என்றேன். ஐம்பது வயதில் ஒருவன் சத்தியம் செய்து, இன்னொருவன் அதை நம்புவதெல்லாம் எங்கள் பெஞ்சில் மட்டும்தான் நடக்கும்.

கடைசி ஒன்றரை மாதம் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. போக முடியவில்லை. "நீ வரவே வேண்டாம், தெறப்பு விழாவுக்கு வா, அசந்துருவே" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினான்.

திறப்பு விழாவன்று அரண்மனை மஞ்சள் பெயிண்டில் புதுப்பாத்திரம் மாதிரி மின்னியது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம். வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாயைக் கழுத்துப்பட்டையோடு நிறுத்தியிருந்தார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். அந்நியன் நிழலைக் கண்டாலே பாயவேண்டிய ஜாதி. பரிதாபமாக என்னைப் பார்த்தது. கால்மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

பெருக்குகிற அக்கா பட்டுப்புடவையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். என் மேல் இரண்டு தடவை கூடுதலாகத் தெளித்தாள். மகாராஜபுரத்துத் தங்கை இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். "தம்பிதான் எழுதுனாக" என்று அக்கா அறிமுகம் செய்ய, நான் ஒரு எழுத்தாளர் எப்படி அடக்கமாக நிற்பாரோ அப்படி நின்றேன். செம்பை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு அக்காவும் வந்தாள். நானே முன்னால் நடந்து இருவரையும் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன்.

கல் விளிம்பு இல்லை. சுற்றிலும் பாலிஷ் போட்ட கிரானைட். முகம் பார்த்துத் தலை சீவலாம். மேலே கம்பி வலை, நடுவில் காசு போட ஒரு ஓட்டை. பக்கத்தில் கருங்கல் பலகை. தங்கை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். சத்தமாக.

"ராணியார்... மஞ்சள்... நீராடிய... புனிதக் கிணறு. வறட்சிக் காலத்தில்... ஜமீன்தார் அவர்கள்... கருணையுடன்... கதவு திறந்து... ஊர் மக்களின் தாகம் தீர்த்தார். இதில் நாணயம் இட்டு... வேண்டினால்... திருமணத் தடை நீங்கும்." அதன் கீழே என் பெயரையும் படித்தாள். அதை மட்டும் தடுமாறாமல் படித்தாள், அக்கா சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

"ராணி இதுல குளிச்சாகளா?" என்று அக்காவைப் பார்த்தாள்.

"அவிய வீட்டுக்குள்ள வெந்நி போட்டுல்ல குளிப்பாக. அந்த வெந்நிக்குத் தண்ணி சொமந்தது நம்ம அம்மா." பிறகு என்னிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "தம்பி, இது நீங்க எழுதுனதா?"

"இல்லக்கா."

"பேரு இருக்கே."

அவள் முந்தானையால் முகத்தில் இருந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, செம்பை வாங்கப் போய்விட்டாள். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டுமே.

நண்பனை அவன் அப்பாவின் பழைய அறையில் பிடித்தேன். இப்போது அது டிக்கெட் கவுன்டர். சால்வையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னலே இது?"

"எது?"

"கெணறு. சத்தியம் பண்ணினேல்ல?"

"ஏலே, கல்லு ஆடுச்சு. எவனாவது சாஞ்சு உள்ள விழுந்தா நானா ஜெயிலுக்குப் போவேன்? பழைய கல்லப் பின்னாடிதான் போட்டிருக்கு, எங்கயும் போகல."

"எழுத்து? அதுவும் ஆடுச்சா?"

கொஞ்ச நேரம் சால்வை நூலைப் பிய்த்தான். "எங்க அத்தை வந்திருக்காக. அந்தப் பரிசம் அவியளுக்குத்தான் போட்டது. எழுபத்தஞ்சு வயசு. அவுகள அந்தப் பலகை முன்னாடி கூட்டிப்போயி, 'பாருங்க, ஒங்கண்ணன் தண்ணி குடுக்காத பாவி'ன்னு காட்டச் சொல்லுதியா?"

"அப்ப ஏன் அருமைன்னே? ஏன் தோளுல கை போட்டே? வேண்டாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. எம் பேர ஏன் போட்டே?"

"நீதானலே எழுத்தாளர். எம் பேரப் போட்டா எவன் நம்புவான்?"

நாற்பத்தைந்து வருஷத்தில் அவன் எனக்குச் செய்த ஒரே இலக்கியப் பாராட்டு அது. நான் கத்தினேன். துரோகி என்றேன், இன்னும் சில சொற்களையும் சொன்னேன், அவற்றுக்கு நூலகத்தில் அகராதி பார்க்கத் தேவையில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு சாவதானமாகச் சொன்னான்.

"பூட்டச் சொன்னது எங்கப்பா. சரி. பூட்டினது யாரு? சாவி யார் இடுப்புல இருந்துச்சு? நீ எழுதுன காயிதத்துல அத நான் தேடு தேடுன்னு தேடினேன் மாப்ள. காணோம். ஒங்கப்பாவ நீ எடுத்தே. எங்கப்பாவ நான் எடுத்தேன்."

சாவி என் அப்பாவிடம் இருந்தது. பூட்டியது அவர். மூன்று நாளும் முன்வாசலில் நின்று, 'எந்திரிங்கட்டி' என்று பெண்களை விரட்டிக்கொண்டிருந்ததும் அவர்தான். 'என்னட்டி வேணும்?' என்று கேட்ட குரலும் அவருடையதே. அக்கா இதையும் அன்றைக்கே, கிணற்றடியில், ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். ஒன்பது தடவை திருத்தியதில் எத்தனையாவது தடவை அப்பா காணாமல் போனார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் தடவையே. இந்தக் கட்டுரையிலும் அவன் சொல்லும்வரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதனால் அவன் செய்தது நியாயமாகிவிடாது. அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் போட்ட கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 'என் பேரை எடுத்துரு' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பேர எடுக்கச் சொல்லிட்டேன்க்கா."

"எடுத்தா எங்கம்மா வந்துருமா அதுல?"

"நான் வேற எடத்துல எழுதுதேன். புஸ்தகத்துல."

"அத யாரு படிக்கா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நூலகனான எனக்கு அதற்குப் பதில் நன்றாகவே தெரியும், பேச்சை மாற்றினேன்.

"எங்கப்பாவப் பத்தி நான் எழுதாம விட்டது..."

"தெரியுமே. நீங்க வாசிச்சுக் காட்டும்போதே தெரியும். பெத்தவரு, கை வராதுன்னு விட்டுட்டேன்." சேலையை உதறினாள். "நீங்க ஒண்ண விட்டீக. ஒங்க சிநேகிதரு மிச்சத்த விட்டுட்டாரு. செத்த தள்ளி நில்லுங்க, தெறிக்கும்."

என் பெயரை அவன் எடுத்தான். கல்லில் பொறித்ததை அழிக்க முடியாமல், மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பெயிண்டை அப்பியிருந்தான். எனக்கு இதைச் சொன்னவர்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள். அரண்மனை நன்றாக ஓடுகிறது, சிம்மாசனத்துக்கு வரிசை நிற்கிறது என்றும் சொன்னார்கள். அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எங்கே போவது என்று தெரியாமல், பழகிய பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கிணற்றைச் சுற்றி ஒரு வேன் ஜனம். காசு போட வந்தவர்கள், பலகையின் அடியில் கறுப்பாக இருந்த இடத்தைப் பார்த்து, 'இங்க என்னம்மா அழிச்சிருக்கு?' என்று பெருக்குகிறவளைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "அது பெரிய கத. ஒக்காருங்க" என்று தொடங்கியிருந்தாள். தினமும் யாராவது கேட்கிறார்களாம், அதை அப்புறம் தெரிந்துகொண்டேன். அவன் காதிலும் விழுந்திருக்கிறது. ஜனம் அங்கே கூடுதல் நேரம் நிற்கிறது, நிற்கிறவர்கள் சோடா வாங்குகிறார்கள் என்பதால் தடுக்கவில்லையாம்.

நான் பின்வரிசையில் நின்றேன். கதையில் வெறுங்குடங்கள் தெருமுனை வரை போய்விட்டன. சிரிப்பு எழுந்தது. அக்கா நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். குரலைத் தணிக்கவில்லை, ஏற்றவும் இல்லை.

"சாவி கணக்குப்பிள்ளகிட்ட இருந்துச்சு. அவருதான் பூட்டினாரு. எங்கம்மாவ, 'எந்திரிட்டி'ன்னு வெரட்டினதும் அவருதான்."

"யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டார் ஒருவர். கோயம்புத்தூர்ப் பேச்சு. நெற்றியில் குங்குமம், கையில் பால்கோவாப் பை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. சொல்லுவதற்கு எனக்கு இடம் விட்டிருந்தாள்.

"எங்க அப்பா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.